அடிமானத்தை அடிப்பதற்கு முன்னால்

அடுக்குச் சமன்பாடுகளில் மதிப்பெண் போவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். இரண்டு பக்கமும் ஒரே அடிமானம் (அடுக்கு ஏறியிருக்கும் கீழ் எண்) கண்ணில் பட்டதுமே அதை அடித்துவிட்டு அடுக்குகளைச் சமப்படுத்திவிடுகிறார்கள். விதி சரிதான், ஆனால் ஒவ்வொரு பக்கமும் ஒரே ஒரு அடுக்காகச் சுருங்கிய பிறகுதான் அது செல்லும். (தெரியாத எண்ணை ம என்றும், அடுக்கை ^ குறி போட்டும் எழுதுகிறேன்.)

2^ம + 2^(ம+1) = 24 என்ற கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கத்தை 2^(2ம+1) என்று எழுதுபவர்கள் ஏராளம். அடுக்குகளைக் கூட்டுவது பெருக்கலுக்கு மட்டும்தான்: 2^3 × 2^4 என்றால் மூன்று 2-ஐயும் நான்கு 2-ஐயும் சேர்த்துப் பெருக்குகிறோம், மொத்தம் ஏழு 2, அதனால் 2^7, அதாவது 128. நடுவில் கூட்டல் குறி இருந்தால் 8 + 16 = 24, அவ்வளவுதான். இங்கே செய்ய வேண்டியது 2^ம-ஐப் பொதுவாக வெளியே எடுப்பது. 2^ம × (1 + 2) = 24, அப்போது 2^ம = 8, ம = 3. இதே குழப்பத்தின் இன்னொரு முகம், 3 × 2^ம என்பதை 6^ம ஆக்குவது. அந்த 3-க்கு அடுக்கே கிடையாது, அதை எப்படி உள்ளே சேர்ப்பீர்கள்? முதலில் 3-ஆல் வகுத்துவிட்டு மேலே போங்கள்.

அடுத்தது அடைப்புக்குறி. 9^(ம+1) = 27^ம என்பதில் 9-ஐ 3^2 என்றும் 27-ஐ 3^3 என்றும் மாற்றும்போது, 9-இலிருந்து வந்த அந்த 2, முழு (ம+1)-ஐயும் பெருக்க வேண்டும். 2ம+1 என்று அவசரமாக எழுதினால் ம = 1 வரும்; போட்டுப் பாருங்கள், ஒரு பக்கம் 81, மறு பக்கம் 27. சரியாக 2ம+2 = 3ம் என்று எழுதினால் ம = 2, இரண்டு பக்கமும் 729. இந்தச் சரிபார்ப்புக்கு அரை நிமிடம்கூட ஆகாது, தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

குறை அடுக்கு விடையைக் குறை எண்ணாக மாற்றாது: 2^(-3) என்பது 1/8, -8 இல்லை. அப்புறம் -2² என்பது -4, (-2)² என்பது 4.

4^ம − 2 × 2^ம − 8 = 0 மாதிரி கணக்கில் 2^ம-ஐ த என்று வைத்தால் த² − 2த − 8 = 0 என்ற இருபடிச் சமன்பாடு கிடைக்கும், த = 4 அல்லது -2. பலர் இதையே விடையாக எழுதி நிறுத்திவிடுகிறார்கள், கேட்டது ம-ஐ அல்லவா! 2-இன் எந்த மெய்யெண் அடுக்கும் குறை எண்ணாகாது, அதனால் -2-ஐத் தள்ளிவிட்டு 2^ம = 4, ம = 2.

2^ம = 10 என்று வந்தால் அடிமானத்தைச் சமமாக்க மல்லுக்கட்ட வேண்டாம். 8-க்கும் 16-க்கும் நடுவில் 10 இருப்பதால் ம, 3-க்கும் 4-க்கும் நடுவில்தான் என்று முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள், பிறகு இரண்டு பக்கமும் 10 அடிமான மடக்கை எடுங்கள் (ஓர் எண் கிடைக்க 10-க்கு எந்த அடுக்கு போட வேண்டுமோ அதுதான் அந்த எண்ணின் மடக்கை). 10-இன் மடக்கை 1, 2-இன் மடக்கை சுமார் 0.3010, வகுத்தால் சுமார் 3.32. இதை 10/2-இன் மடக்கை என்று, அதாவது 5-இன் மடக்கையாக எடுத்தால் சுமார் 0.699 வரும். முன்பே குறித்த 3-க்கும் 4-க்கும் வெளியே அது நிற்பதால் தவறு உடனே தெரிந்துவிடும்.