சீலர் அடித்த கல் தரையிலும் கறை ஏன் படிகிறது?

சீலர் (கல்லில் பூசும் காப்புத் திரவம்) அடித்தாகிவிட்டது, இனி தரையில் எது சிந்தினாலும் கவலையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். தரைப் பராமரிப்பில் நடக்கும் மற்ற தவறுகளில் பாதி இந்த நினைப்பிலிருந்துதான் வருகிறது. வீட்டுக் கல் தரைக்குப் பெரும்பாலும் அடிக்கும் சீலர், கல்லின் நுண்துளைகளுக்குள் இறங்கி, தண்ணீரும் எண்ணெயும் உள்ளே போவதைத் தாமதப்படுத்தும். துடைக்க நமக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும், அவ்வளவுதான்.

அமிலத்தை அது தடுக்காது. மார்பிள், டிராவர்டைன், சுண்ணாம்புக்கல் எல்லாமே பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அமிலம் பட்டால் கரையும். பிழிந்த எலுமிச்சை மூடியை மார்பிள் மேல் கவிழ்த்து வைத்து மறந்துவிட்டால், எடுக்கும்போது அந்த இடத்தில் ஒரு வட்டம் மங்கலாகத் தெரியும். சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் அங்கே மட்டும் பளபளப்பு இருக்காது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது, ஏனென்றால் அது கறையே இல்லை. கல்லின் மேற்பரப்பு கரைந்திருக்கிறது. மறுபடி பாலிஷ் போட்டால்தான் சரியாகும். வினிகர் இயற்கையானதுதானே என்று அதை ஊற்றித் துடைப்பவர்களைப் பார்த்தால் மனசு பதறுகிறது. கழிவறை ஆசிட் இன்னும் மோசம். பி.எச். 7-ஐ ஒட்டிய, அதாவது அமிலமும் காரமும் இல்லாத, கல்லுக்கென்றே விற்கும் திரவம் போதும்.

அடுத்தது, தேவையா என்று பார்க்காமலே சீலர் அடிப்பது. சில துளித் தண்ணீரைக் கல்லின் மேல் விட்டு 10, 15 நிமிடம் காத்திருங்கள். துளிக்கு அடியில் கல் கருத்தால் அது உறிஞ்சுகிறது, சீலர் தேவை. நிறம் மாறவில்லை என்றால் விட்டுவிடுங்கள். அடர்த்தியான பாலிஷ் கிரானைட் பலவற்றுக்குத் தேவையே இருக்காது. உள்ளே இறங்க இடமில்லாத சீலர் மேலேயே காய்ந்து, பிசுபிசுப்பாகவோ வெள்ளைப் புகை படிந்தது போலவோ நின்றுவிடும். அதனால்தான் மிச்சத்தைக் காயும் முன்பே, டப்பாவில் போட்டிருக்கும் நேரத்துக்குள், உலர்ந்த துணியால் துடைக்கச் சொல்கிறார்கள். ஒரே நேரத்தில் முழு ஹாலுக்கும் பூசாமல், கைக்கு எட்டும் அளவு பூசித் துடைத்துவிட்டு நகருங்கள்.

ஈரத்தின் மேல் அடிப்பதும் தவறுதான். கழுவிய தரை மேலே காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். ஒரு நாளாவது விடுங்கள். புதிதாகப் பதித்த தரைக்கு இன்னும் பொறுமை வேண்டும், அடியிலிருக்கும் சிமெண்ட் ஈரம் மேலே வந்து உப்பு பூக்கும். அழுக்கின் மேல் அடித்தாலோ அழுக்கு உள்ளேயே தங்கிவிடும்.

அப்புறம் மணல். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் கடினம், 1 முதல் 10 வரை போகும் மோஸ் அளவில் 7, மார்பிளின் கால்சைட் 3. கூட்டாமல் மாப் போட்டால் உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதற்குச் சமம்.

எண்ணெய்க் கறை ஏற்கெனவே இறங்கிவிட்டதா? சமையல் சோடாவைத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் வையுங்கள். பிறகு தாளை எடுத்துக் காயவிட்டால், காய்கிற பசை எண்ணெயை இழுத்துக்கொள்ளும். பழைய கறைக்கு இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும். முதலில் கண்ணுக்குத் தெரியாத மூலையில் செய்து பார்த்துவிடுங்கள்.