சேலத்தில் குழந்தை மூளை ஆய்வு: போஸ்ட்டாக்குகள் செய்கிற தவறுகள்

பிஎச்.டி. முடித்துவிட்டு போஸ்ட்டாக் ஆய்வாளர்களாக, குழந்தைகளின் மூளை வளர்ச்சியில் ஈயமும் புகையும் பூச்சிமருந்தும் என்ன செய்கின்றன என்று பார்க்க சேலம் பக்கம் வருகிறவர்கள் அவ்வப்போது என்னிடம் பேசுவார்கள். எந்தக் கருவி நல்லது, எந்த மென்பொருளில் கணக்குப் போடலாம் என்றுதான் பெரும்பாலும் கேட்பார்கள். எனக்கு அதில் பெரிய கவலை இல்லை. கருவி பிசகினால், அளவு முன்பே தெரிந்த தரக்கட்டுப்பாட்டு மாதிரியே காட்டிக்கொடுத்துவிடும். வீட்டு வாசலில் பிசகினால் காட்டிக்கொடுக்க ஆளில்லை.

முதலில் முகவரி. கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்து அதற்கான பிக்மி எண் வாங்கும்போது பெரும்பாலும் புகுந்த வீட்டு முகவரியைத்தான் கொடுப்பார்கள். அந்த இடத்தின் காற்றையும் தண்ணீரையும் அளந்து குழந்தையின் பெயருக்கு நேரே எழுதிவிடுகிறோம். ஆனால் தலைப்பிரசவம் என்றால் ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப்போய்விடுவார்கள். குழந்தைக்கு மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆன பிறகுதான் திரும்புவார். மூளை வேகமாக வளர்கிற அந்தக் காலம் முழுக்க வேறு ஊர், வேறு அடுப்பு, வேறு தண்ணீர். என் வரைபடத்தில் கொண்டலாம்பட்டியில் புள்ளியாக இருந்த ஒரு தாய், உண்மையில் ஏற்காட்டு மலையில் நாகலூரில் விறகடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருடைய மாமியார் போகிறபோக்கில் சொன்னதால் தெரிந்தது.

இதை விடக் கெட்டது ஒன்று உண்டு. இரண்டாவது பிரசவத்துக்குப் பல பேர் அவ்வளவு நாள் தாய் வீட்டில் தங்குவதில்லை. ஆகவே இந்தப் பிழை எல்லாக் குழந்தைகளுக்கும் சமமாக விழாது. மூத்த குழந்தைகள் மேல் அதிகம் விழும். மூத்த குழந்தைகள் அறிவுத்திறன் சோதனைகளில் சராசரியாகக் கொஞ்சம் கூடுதல் மதிப்பெண் வாங்குகிறவர்கள் வேறு. பிழையும் மதிப்பெண்ணும் கைகோத்துக்கொண்டால் உங்கள் முடிவு எந்தப் பக்கமும் சாயும். "எந்தெந்த மாதம் எங்கே இருந்தீங்க?" என்று கேட்டால் பதில் சரியாக வராது. வளைகாப்பு பொங்கலுக்கு முன்னாடியா பின்னாடியா, ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போனீங்களா என்று கேளுங்கள், நாள் கணக்கோடு வரும்.

அடுத்து ரத்தம். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறையும் வீடும் பல இடங்களில் ஒன்றுதான். அப்பா கொலுசைச் சூடாக்கி ஒட்டவைக்கிற பலகைக்குப் பக்கத்தில் குழந்தை விளையாடும். ஒரு பையனுக்கு விரல் நுனியில் ரத்தம் எடுத்தோம். சோப்புப் போட்டுக் கழுவித்தான் கூட்டிவந்தார்கள். ஆனால் வருகிற வழியில் பையன் அப்பா தோளில் கிடந்த துண்டில் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தும் பேசாமல் இருந்துவிட்டேன். ஈய அளவு மிக அதிகமாக வந்தது. அவசரப்பட்டுப் பையனின் அம்மாவுக்குப் போன் செய்தும் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் பட்டறை மூடியே கிடந்தது. பிறகு கையின் ரத்த நரம்பில் ஊசி போட்டு எடுத்துப் பார்த்தால் முதல் எண்ணில் கால் பங்குகூட இல்லை. விரலின் தோலில் இருந்த தூசியை ரத்தத்தோடு சேர்த்து அளந்திருக்கிறோம். கழுவிய கையை எதிலும் படவிடாமல் காற்றில் காயவிடுங்கள். முதல் சொட்டைத் துடைத்துவிடுங்கள். அதிகமாக வந்தால் நரம்பு ரத்தத்தில் உறுதிப்படுத்தும்வரை வாயைத் திறக்காதீர்கள்.

ரத்தத்தில் ஈயத்தின் அரை ஆயுள் ஒரு மாதம் அளவுதான். ஐந்து வயதில் எடுத்த ஒரு சொட்டு, இரண்டு வயதில் என்ன நடந்தது என்று சரியாகச் சொல்லாது. 1979-இல் ஹெர்பர்ட் நீடில்மேன் பாஸ்டன் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளின் விழுந்த பால் பற்களை வாங்கி அளந்தது இதற்காகத்தான்; பழைய ஈயம் பல்லில் தங்கியிருக்கும். நம் ஊரில் பல் விழுந்தால் கூரை மேல் எறிந்துவிடுவார்கள். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அப்புறம் ரத்த ஈயத்துக்கு எல்லோரும் சொல்கிற இந்த 3.5. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஒரு டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்று 1991-இல் வைத்த எண், 2012-இல் 5 ஆனது, 2021-இல் 3.5 ஆனது. அதற்குக் கீழே இருந்தால் பாதுகாப்பு என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1 முதல் 5 வயதுக் குழந்தைகளில் ஈயம் மிக அதிகமுள்ள இரண்டரை சதவீதத்தினரைப் பிரித்துக்காட்டும் புள்ளியியல் கோடு அது, அவ்வளவுதான். 7 குழுக்களின் 1,333 குழந்தைகளை ஒன்றுசேர்த்து 2005-இல் வந்த ஆய்வில், 30 மைக்ரோகிராம் வரையான அறிவுத்திறன் இழப்பில் பாதிக்கு மேல் 10-ஐத் தொடுவதற்குள்ளேயே நடந்திருந்தது.

ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடும்போது மேட்டூர் ஆலைகளின் புகைபோக்கிகளே எல்லோர் கண்ணிலும் படும். அடுப்படிக்குள்ளும் எட்டிப் பாருங்கள். வங்கதேசத்தில் மஞ்சளுக்கு நிறம் ஏற்ற ஈயக் குரோமேட் கலந்ததை ஆய்வாளர்கள்தான் 2019-இல் வெளியே கொண்டுவந்தார்கள். அரசு நடவடிக்கை எடுத்ததும் அது பெருமளவு நின்றது. மஞ்சள்தூள் டப்பாவையும் கண்மை டப்பாவையும் எடுத்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். 2017-க்கு முன் அடித்த பெயின்ட் உரிகிறதா என்றும் பாருங்கள். அந்த வருடம்தான் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பு நடைமுறைக்கு வந்தது.

மலையையும் கீழ்நாட்டையும் ஒப்பிடுகிறவர்களுக்கு இரண்டு பள்ளங்கள் காத்திருக்கின்றன. சேலம் நகரம் 300 மீட்டருக்கும் கீழே, ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். உயரத்தில் ஹீமோகுளோபின் தானாகவே கூடும். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற உயரத் திருத்தத்தைச் செய்யாவிட்டால் ரத்தசோகை உள்ள மலைக் குழந்தை நன்றாக இருப்பதுபோலத் தெரியும். இரும்புச்சத்து குறைந்தால் குடல் ஈயத்தை அதிகமாக இழுக்கும். மூளை வளர்ச்சியும் தனியாகப் பாதிக்கப்படும். இந்த ஒரு திருத்தத்தை விட்டால் மொத்தக் கணக்கும் குழம்பும்.

இன்னொன்று ஆள் சம்பந்தப்பட்டது. குழந்தைகளுக்கு அறிவுத்திறன் சோதனை செய்கிற பரிசோதகர் ஒருவர் அஸ்தம்பட்டியில் குடியிருந்தார். அவருக்கு ஏற்காடு பஸ் வசதி என்று மலை வீடுகளை எல்லாம் அவருக்கே கொடுத்தேன். கீழ் ஊர்கள் இன்னொருவருக்கு. முடிவில் தெரிந்த வித்தியாசம் மலைக்கும் ஊருக்குமா, அந்த இருவருக்குமா என்று பிரிக்கவே முடியவில்லை. இருவரையும் மாற்றி மாற்றி அந்த 20 கொண்டை ஊசி வளைவும் ஏறவைத்திருக்க வேண்டும். மலையாளிப் பழங்குடிக் குழந்தைகள் சிலர் புது ஆளைப் பார்த்தால் வாயே திறக்க மாட்டார்கள். அன்றைக்கு மதிப்பெண் போடாமல் மறுநாள் போவதே நல்லது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கருவியால் காட்ட முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் அதை சைபர் என்று எழுதாதீர்கள். பிறப்பு எடையை யோசிக்காமல் கணக்கில் சேர்க்காதீர்கள். புகையின் பாதிப்பு அந்த எடை வழியாகவே மூளைக்குப் போகலாம்; எடையைச் சரிக்கட்டினால் அந்தப் பாதிப்பே கணக்கில் மறைந்துவிடும். இரண்டு வருட ஃபெல்லோஷிப்பில் கர்ப்ப காலத்திலிருந்தே பின்தொடர்கிற குழு ஒன்றைப் புதிதாகத் தொடங்காதீர்கள். சென்னையிலோ வேலூரிலோ ஏற்கெனவே பின்தொடரப்படுகிற குழந்தைகளின் தரவோடு சேர முடியுமா என்று கேளுங்கள். வெளிநாட்டுக் கூட்டு இருந்தால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) வழியாக அனுமதி வாங்கவே பல மாதம் போய்விடும். 7 வயதுக்கு மேற்பட்ட குழந்தையிடம் அதன் சம்மதத்தையும் கேட்க வேண்டும்.

முடிவைத் தமிழில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். இன்றைக்கும் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் போனால் ஒரு அம்மா என்னை நிறுத்தி, "அந்த ரத்தம் எடுத்தீங்களே சார், என்னாச்சு?" என்று கேட்பார். அவருக்குக் கொடுக்க வேண்டிய தாள் என் மேசை டிராயரில் இரண்டு வருடம் கிடந்தது.