மாமி வீட்டுப் பலகாரமும் கோதுமை ஆகாத பிள்ளையும்

ஊருக்குப் போகிறவர்களுக்குக் கொசுவத்தி, பனடோல், தொப்பி என்று பட்டியல் போட வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது, யாழ்ப்பாணத்தில் வீடு வீடாகப் போகும்போது முன்னால் வந்து நிற்கும் பலகாரத் தட்டைப் பற்றி மட்டும்தான். உங்கள் குடும்பத்தில் கோதுமை ஆகாத பிள்ளையோ, சீனி வருத்தக்காரரோ, பால், முட்டைகூடத் தொடாத வீகனாக மாறிவிட்ட மகனோ இருந்தால் தொடர்ந்து வாசியுங்கள். யாரும் இல்லையென்றால் தருவதை எல்லாம் சாப்பிட்டுவிட்டுச் சந்தோசமாகத் திரும்பி வாருங்கள், உங்களுக்கு வழிகாட்டி எதற்கு?

முதலில் கோதுமை. யாழ்ப்பாணப் பலகாரம் என்றால் அரிசி, உளுந்து, பயறு, தேங்காய் என்றுதான் வெளிநாட்டில் இருந்துகொண்டு நினைக்கிறோம். அடுப்படிக்குள் போய்ப் பார்த்தால் கதை வேறு. பெரும்பாலான வீடுகளில் முறுக்குக்கு வறுத்த உளுத்தம் மாவோடு அவித்த கோதுமை மா சேர்ப்பார்கள். பருத்தித்துறை வடையில் உளுந்தோடு கோதுமை மாவும் இருக்கும். சீனிப்பாகு பூசிய சிப்பிப் பலகாரம் முழுக்க முழுக்கக் கோதுமை. பனங்காய்ப் பணியாரத்துக்குப் பனங்களியைக் குழைப்பதும் அநேகமாக இதே மாவில்தான். கொழுக்கட்டை வெடிக்காமல் இருக்கவேண்டும் என்று அரிசி மாவோடு இதையும் கொஞ்சம் கலக்கிற வீடுகள் உண்டு. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில்கூட அநேகமாகக் கோதுமை மா கலந்திருக்கும். அதனால் சாம்பாரையும் வடையையும் கேட்டுவிட்டுத்தான் தொடவேண்டும்.

இந்த மா எங்கள் அடுப்படிக்கு வந்த வழியையும் நினைக்கவேண்டும். வயதானவர்கள் சிலர் இன்னும் அமெரிக்கன் மா என்றுதான் சொல்வார்கள். ஒரு காலத்தில் உதவியாகக் கப்பலில் வந்த மா. பிறகு திருகோணமலை சீனன்குடாவில் பெரிய ஆலையே வந்துவிட்டது. போர்க்காலத்தில் நிவாரணமாகக் கொடுத்த உலருணவில் அரிசி, பருப்பு, சீனியோடு இதுவும் இருந்தது. இருக்கிற மாவை வைத்து நல்லநாள் பெருநாளுக்குப் பலகாரம் சுட்டுப் பழகிய கைகள் அவை. அந்த வருடங்களில் நாங்கள் அங்கே இல்லை. இப்போது வந்து நின்று "இதில் கோதுமை இருக்கா?" என்று கேட்கும்போது கேள்வி எங்கள் வாயில் இருந்து கொஞ்சம் தடுமாறித்தான் வரும். ஆனாலும் கேளுங்கள்.

கேட்டால் வரும் முதல் பதில்: "அது அவிச்ச மா பிள்ளை. அவிச்சாப் பிறகு அதில என்ன கிடக்கு?" இதைச் சொல்பவர் பொய் சொல்லவில்லை. கோதுமை மாவை நீராவியில் அவித்தால் அதன் இழுபடும் குணம் போய்விடும், அதனால்தான் அதில் பிட்டு உதிரியாக வரும், இடியப்பம் பிழியலாம். ஆனால் கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் அப்படியேதான் இருக்கிறது. சீலியாக் நோய் உள்ள பிள்ளைக்கு அவித்த மாவும் அவிக்காத மாவும் ஒன்றுதான். அது வெறும் வயிற்றுக்கோளாறும் அல்ல. குளூட்டனைக் கண்டால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உட்பக்கத்தைத் தாக்கும். மருந்து கிடையாது, வாழ்நாள் முழுக்கத் தவிர்ப்பது ஒன்றுதான் வழி. என் மகளுக்கு இந்த நோய்தான். இதை மாமிக்கு விளங்கப்படுத்தலாம் என்று நம்பித்தான் நானும் கனடாவில் இருந்து புறப்பட்டேன்.

அம்மாவின் ஆண்டுத் திவசத்துக்காகப் போனோம். திவசம் வடமராட்சியில் மாமி வீட்டில். தொலைபேசியில் எல்லாம் சொல்லியாகிவிட்டது, மாமியும் "ஓம் தம்பி, பிள்ளைக்கெண்டு அரிசி மாவில செய்விப்பம்" என்று சொல்லிவிட்டார். திவசத்துக்கு முதல் நாள் பின்னேரம் தட்டு வந்தது. பிள்ளைக்கென்று தனிக் கிண்ணத்தில் பயற்றம் பணியாரம். உள்ளே வறுத்த பயத்தம் மா, தேங்காய்ப்பூ, சீனி, மிளகு, ஏலக்காய். அதில் ஒரு வில்லங்கமும் இல்லை. வெளியே தோய்க்கிற மா? "தனி அரிசி மா." மகள் மரியாதைக்கு இரண்டு சாப்பிட்டாள், மாமி பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்பதற்காக மூன்றாவதும் எடுத்தாள்.

இரவு முழுக்க அவளுக்கு வயிற்றுவலி, வாந்தி. விடியப்புறம் விசாரித்தபோது சமையலுக்கு வந்திருந்த அக்காதான் மெதுவாகச் சொன்னார்: அரிசி மா மட்டும் என்றால் உருண்டையில் ஒட்டாமல் கழருதாம், அதனால் மாமி ஒரு கை கோதுமை மா போடச் சொன்னவவாம். மாமியைக் கேட்டேன். "பிடிப்புக்கு ஒரு கை போட்டது, அதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமே? உன்ரை கொம்மா கடைசி வரைக்கும் என்ரை கையாலதான் சாப்பிட்டவ."

அதற்கு மேல் என்ன கதைப்பது? அம்மா படுக்கையில் கிடந்த வருடங்களில் பக்கத்தில் நின்றவர் மாமிதான். நான் காசு அனுப்பினேன். அந்தக் கணக்கு இரண்டு பேருக்கும் தெரியும், அதனால்தான் மாமி அதை ஒருமுறைக்கு மேல் சொல்வதில்லை.

ஆனால் விசயம் அதோடு முடியவில்லை. மகள் அறைக்குள் படுத்திருக்க, திவசத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். கண்ணூறு என்று ஒருவர் மிளகாயும் உப்பும் எடுத்துச் சுற்றிப் போட்டார். வெளிநாட்டுத் தண்ணீர் குடித்த வயிறு என்றார் இன்னொருவர். வருத்தக்காரரைப் பார்க்க வெறுங்கையோடு வரக்கூடாது என்று அடுத்த நாள் வந்தவர்கள் கிறீம் கிறாக்கர் பெட்டியும் ஹோர்லிக்ஸும் கொண்டுவந்தார்கள். முதலாவது கோதுமை. இரண்டாவது கோதுமையும் பார்லியும், பார்லியிலும் குளூட்டன் உண்டு. மேசையில் அடுக்கி வைத்திருந்த அன்பில் ஒரு துண்டையாவது அவளால் வாயில் வைக்க முடியவில்லை. மாமியோ, தன் பெயர் ஊருக்குள் கெட்டுவிட்டது, நாங்கள் போவதற்குள் பிள்ளை தன் கையால் இன்னொருமுறை சாப்பிட்டே ஆகவேண்டும் என்று நின்றார். இருந்த லீவில் பாதி இந்தப் பேச்சுவார்த்தையிலேயே போனது. கடைசியில் நானே புதுத் தாச்சியும் புது எண்ணெய்ப் போத்தலும் வாங்கிக்கொண்டு போய், அடுப்படியில் பக்கத்தில் நின்று உளுந்து வடை சுடுவித்தேன். மகள் சாப்பிட்டாள். மாமி ஒரு சொல் பேசவில்லை.

ஆகவே, அழைக்கிறவரிடம் சொல்வதோடு நிறுத்தாமல் சமைக்கிறவரிடமும் கதையுங்கள். மாவைப் பற்றி மட்டும் கேட்காமல் அரிதட்டு, தாச்சி, எண்ணெய் பற்றியும் கேளுங்கள். அவித்த கோதுமை மா அரித்த அதே அரிதட்டில்தான் அரிசி மாவும் அரிபடும். "கூடாது" என்று பொதுவாகச் சொன்னால் பத்தியம் என்று நினைத்துவிடுவார்கள், கொஞ்சம் பரவாயில்லை என்பார்கள். "ஒரு கை மா போட்டாலும் ஆசுபத்திரி" என்று சொல்லுங்கள், அது கேட்கும்.

பயமில்லாமல் கொடுக்கக்கூடியவையும் இருக்கின்றன. தேங்காய்ச் சொட்டோடு புழுக்கொடியல் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு), அவித்த கௌபி, தாளித்த கடலை, எள்ளுருண்டை, கச்சான் (நிலக்கடலை), பனையோலைக் குட்டானில் வரும் பனங்கட்டி. அவிக்காமல் காயவைத்த ஒடியலும் ஒடியல் மாவும் பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் கடைகளில் கிடைக்கும். மகள் புழுக்கொடியலைக் கடித்தபடி, இதை ஏன் ரொறன்ரோவில் யாருமே தரவில்லை என்று கேட்டாள். மிக்சரில் கச்சான் இருக்கும், கச்சான் ஒவ்வாமை உள்ளவர்கள் அந்தப் பக்கமே போகவேண்டாம்.

சைவக்காரர்களுக்கு ஆபத்து வீட்டில் குறைவு, பேக்கரியில்தான் கூட. சீனிச்சம்பல் பணிஸில் அநேகமாக மாசிக் கருவாடு இருக்கும். மரக்கறி றோல்ஸை முட்டையில் தோய்த்து, மீன் றோல்ஸ் பொரித்த எண்ணெயிலேயே பொரிப்பார்கள். சைவக் கடை என்று பெயர்ப்பலகை உள்ள இடத்தில் சாப்பிடுங்கள், அல்லது நல்லூர்த் திருவிழாக் காலத்தில் போங்கள். அந்த 25 நாளும் பல வீடுகளில் மச்சம், அதாவது மீன் இறைச்சி, காய்ச்சமாட்டார்கள். வீகன் பிள்ளைகள் அதிர்ஷ்டசாலிகள். எங்கள் பலகாரங்களில் பால் வேண்டிய இடத்தில் தேங்காய்ப்பால்தான் நிற்கும். லட்டில் நெய் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், தேத்தண்ணி வருவதற்கு முன்பே பால் விடாத பிளேன்ரீ என்று சொல்லிவிடுங்கள்.

சீனி வருத்தக்காரருக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. பனங்கட்டி உடம்புக்கு நல்லது, சீனி மாதிரி இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். அதிலும் பெரும்பங்கு சீனிச்சத்துத்தான். குளிசையைக் காட்டினாலும் "ஒரு துண்டால ஒண்டும் வராது" என்பார்கள், அந்த ஒரு துண்டு ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும்.

திரும்பி வரும்போது பார்சல் உண்டு. மாமி ஸ்காபரோவில் இருக்கும் மகனுக்கு முறுக்கும் பருத்தித்துறை வடையும் கட்டித் தந்தார். கட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள், உங்கள் பிள்ளைக்கானதை வேறு பையில் போட்டு மூடி, மேலே பெயர் எழுதுங்கள். மாமியின் மகன் இன்னும் எடுக்க வரவில்லை. வேலையாம். முறுக்குக் காறல் மணம் அடிக்கத் தொடங்குவதற்குள் வந்து எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.