ரோமர் 7:1-6ஐ வேதபாட வகுப்பில் எடுப்பது எப்படி?

பவுல் அப்போஸ்தலன் ரோமாபுரி விசுவாசிகளுக்கு எழுதிய நிருபத்தில் ஆறே வசனங்கள். புருஷன் உயிரோடிருக்கும் வரை மனைவி அவனுக்குக் கட்டுப்பட்டவள், அவன் மரித்தால் விடுதலையானவள் என்று 2, 3 வசனங்களில் ஓர் உதாரணம் வருகிறது. ஆனால் இதை எடுக்கும் வகுப்புகளில் பாதி, மூன்றாம் வசனத்திலேயே விவாகரத்து விவாதமாக மாறி, நான்காம் வசனத்துக்குப் போகாமலே ஜெபம் பண்ணி முடிந்துவிடும். பவுல் சொல்ல வந்ததோ நான்காம் வசனத்தில்தான் இருக்கிறது.

முதலில், 7:1இல் ஆரம்பிக்காதீர்கள். 6:14இலிருந்து 7:6 வரை ஒரே மூச்சில் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். “நீங்கள் நியாயப்பிரமாணத்திற்குக் கீழ்ப்பட்டிராமல் கிருபைக்குக் கீழ்ப்பட்டிருக்கிறபடியால்” என்று 6:14 சொல்கிறது. நியாயப்பிரமாணம் என்பது மோசே மூலம் தேவன் கொடுத்த சட்டம். அது எப்படி நடந்தது என்பதற்கான பதிலே ஏழாம் அதிகாரத்தின் ஆரம்பம். இந்தத் தொடர்பு பிடிபடாவிட்டால், கல்யாணப் பேச்சு எங்கிருந்தோ வந்து குதித்ததுபோல் தோன்றும்.

அடுத்து, ஆளுக்கொரு தாள் கொடுத்து நடுவில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். இடப்பக்கம் 2, 3 வசனங்கள். வலப்பக்கம் 4ஆம் வசனம். இரண்டு பக்கத்திலும் மூன்றே கேள்விகள்: கட்டப்பட்டிருந்தது யார்? மரித்தது யார்? பிறகு யாருக்கு உரியவர்? பதில் சொல்லிக்கொடுக்காமல் ஐந்து நிமிஷம் விட்டுவிடுங்கள். இடப்பக்கம் கட்டப்பட்டிருந்தவள் மனைவி, மரித்தவன் புருஷன். வலப்பக்கமோ கட்டப்பட்டிருந்ததும் நாம்தான், மரித்ததும் நாம்தான். யாராவது ஒருவர் “இது இடிக்குதே” என்பார். அந்த இடத்தில்தான் பாடம் ஆரம்பிக்கிறது.

உடனே வரும் தவறான தீர்வு: “நியாயப்பிரமாணம்தான் அந்தப் புருஷன், அவன் செத்துப்போனான்.” வசனத்தைத் திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள். “நியாயப்பிரமாணத்துக்கு மரித்தவர்களானீர்கள்” என்றுதான் இருக்கிறது. நியாயப்பிரமாணம் மரித்தது என்று இல்லை. சில வசனங்கள் தள்ளி, 7:12இல் பவுல் அதைப் பரிசுத்தமுள்ளது என்றே சொல்கிறார். நியாயப்பிரமாணத்தைக் கொடுமைக்காரப் புருஷனாகவும் கிறிஸ்துவை அன்பான இரண்டாம் கணவனாகவும் காட்டும் பிரசங்கக் கதைகள் உருக்கமாக இருக்கும். ஆனால் அவை தேவன் கொடுத்த பிரமாணத்தையே வில்லனாக்கிவிடுகின்றன.

சரியான திறவுகோல் முதல் வசனம். ஒரு மனுஷன் உயிரோடிருக்கும் வரைதான் நியாயப்பிரமாணம் அவனை ஆளும். மரணம் வந்தால் அந்த உரிமை அற்றுப்போகும். 2, 3 வசனங்கள் இந்த ஒரே ஒரு விதிக்கு உதாரணம். புருஷன் யார், மனைவி யார் என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் தேட வேண்டியதில்லை. பவுல் அதைக் கேட்கவே இல்லை.

இனி, நாம் எப்போது மரித்தோம்? “கிறிஸ்துவின் சரீரத்தினாலே” என்ற சொற்களைத் தாண்டி ஓடிவிடாதீர்கள். இங்கே அது சிலுவையில் ஒப்புக்கொடுக்கப்பட்ட சரீரம். சபை என்ற பொருளில் எடுத்தால் வாக்கியம் குழம்பும். 6:3-6ஐயும் கலாத்தியர் 2:19-20ஐயும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். நியாயப்பிரமாணம் கேட்ட தண்டனை தள்ளுபடி ஆகவில்லை, கிறிஸ்துவில் நிறைவேறியது. அவரோடு இணைக்கப்பட்டவன்மேல் அது மறுபடி வழக்குத் தொடர முடியாது. கிருபை என்பது தேவன் கண்டும் காணாமல் விடுவது அல்ல என்று வகுப்புக்குப் புரிய வேண்டிய இடம் இது. ஒரு மணி நேர வகுப்பில் இருபது நிமிஷத்தை இதற்கென்றே ஒதுக்குங்கள்.

அதே வசனத்தின் மற்றப் பாதியை விட்டுவிட்டால் எதிர்ப்பக்கத்துப் பள்ளத்தில் விழுவீர்கள். விடுதலையானவள் யாருக்கும் உரியவள் அல்லாமல் நிற்கவில்லை. “வேறொருவருடையவர்களாகி, தேவனுக்கென்று கனிகொடுக்கும்படி” என்றே வாக்கியம் சொல்கிறது. “கற்பனைகள் (தேவனுடைய கட்டளைகள்) இனி நமக்கெதற்கு?” என்ற கேள்வி புதிதல்ல. 1530களின் கடைசியில், சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரே இதற்காகத் தம் பழைய தோழர் யோகான் அக்ரிகோலாவுக்கு எதிராக எழுத வேண்டியிருந்தது. வகுப்பில் இது எழும்போது ரோமர் 8:4, 13:8-10 இரண்டையும் காட்டுங்கள். கிறிஸ்தவன் கீழ்ப்படிவது இரட்சிப்பைச் சம்பாதிக்க அல்ல, ஏற்கெனவே அவருக்கு உரியவனாகிவிட்டதால்தான். ஆறாம் வசனத்தில் “ஊழியஞ்செய்யத்தக்கதாக” என்ற சொல் நிற்பதையும் கவனிக்கச் சொல்லுங்கள். ஊழியம் அப்படியே இருக்கிறது, எழுத்தின் இடத்தில் ஆவி வந்திருக்கிறது.

கடைசியில் விவாகரத்துக் கேள்வி வரத்தான் செய்யும். தட்டிக்கழிக்காதீர்கள், ஆனால் இந்தப் பகுதியை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். உபாகமம் 24:1-4இல் வரும் தள்ளுதற்சீட்டை, அதாவது விவாகரத்துப் பத்திரத்தைப் பற்றிப் பவுல் இங்கே வாயே திறக்கவில்லை. உதாரணத்துக்கு அது தேவைப்படவில்லை. திருமணத்தைப் பற்றிப் படிக்க மத்தேயு 5:31-32, 19:3-9, மாற்கு 10:2-12, 1 கொரிந்தியர் 7:10-16, 39 ஆகியவற்றைச் சேர்த்துத் தனி வகுப்பு வையுங்கள். சபைகளுக்குள் வேறுபாடு உண்டு என்பதையும் நேர்மையாகச் சொல்லுங்கள். ஞானஸ்நானம் பெற்ற இருவர் முறைப்படி மணந்து கூடிவாழ்ந்த பந்தத்தை எந்த மனித அதிகாரமும் முறிக்க முடியாது என்பது கத்தோலிக்கப் போதனை. ஆர்த்தடாக்ஸ் சபைகள் சில நிலைகளில் மறுமணத்தை அனுமதிக்கின்றன. விபசாரம், கைவிடுதல் ஆகிய இரண்டையும் காரணமாக ஏற்கும் புராட்டஸ்டண்ட் சபைகள் பல.

ஒன்றில் மட்டும் மிகவும் கவனம். வீட்டில் அடி வாங்கும் ஒரு பெண் அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம். “புருஷன் உயிரோடிருக்குமளவும்” என்ற வார்த்தையை அவளை அங்கேயே இருத்திவைக்கும் கட்டளையாக யாராவது திருப்பினால், அந்த நிமிஷமே நிறுத்துங்கள். அவளிடம் எல்லார் முன்னிலையிலும் எதுவும் கேட்க வேண்டாம். வகுப்பு முடிந்து தனியாகப் பேசி, முதலில் அவளும் பிள்ளைகளும் பாதுகாப்பான இடத்துக்குப் போக வழி செய்யுங்கள். தேவைப்பட்டால் போலீஸையும் வக்கீலையும் அணுகத் துணை நில்லுங்கள். கணவனையும் மனைவியையும் ஒன்றாக உட்காரவைத்துச் சமாதானம் பேசும் அவசரம் ஆபத்தில் முடியும்.

அடுத்த வாரம் 7:7இல் ஆரம்பியுங்கள். “நியாயப்பிரமாணம் பாவமோ?” என்று பவுலே கேட்கிறார், உங்கள் வகுப்பில் ஒருவராவது இந்த வாரமே அதைக் கேட்டிருந்தால், பாடம் சரியாகப் போயிருக்கிறது.