கட்டி முடிக்கப்படாத பெரும் போர்க்கப்பல்களைப் பற்றிப் படிக்கும்போதும் எழுதும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேட்டில்ஷிப் எனப்படும் பெரும் போர்க்கப்பல்களின் வரலாற்றில் ஆர்வம் கொண்டோரை, கடலுக்கே வராத கப்பல்கள் தனியாக ஈர்க்கின்றன. அமெரிக்காவின் மொன்டானா, பிரிட்டனின் ஜி3, ஜெர்மனியின் எச் வகுப்பு (வகுப்பு என்பது ஒரே வடிவமைப்பில் கட்டப்படும் கப்பல்களின் தொகுதி), சோவியத் யூனியனின் சோவெட்ஸ்கி சோயுஸ், ஜப்பானின் தோசா என்று பட்டியல் நீளும். ஆனால் இவற்றைப் பற்றிய கட்டுரைகளில் ஒரே வகைப் பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட தேவைக்காக வரையப்பட்ட தாளை, கடலில் ஓடிய கப்பலாகவே கருதிவிடுவதுதான் அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு வேர்.

முதல் தவறு, எல்லாத் திட்டங்களையும் ஒரே தட்டில் வைப்பது. ஒரு கப்பல் கைவிடப்பட்டது என்று சொல்வதற்கு முன், அது எந்தக் கட்டத்தில் கைவிடப்பட்டது என்று கேட்க வேண்டும். வெறும் ஆய்வு வரைவாக இருந்ததா, கடற்படை ஏற்றுக்கொண்ட வடிவமைப்பா, கட்டும் தளத்துக்கு ஆணை போனதா, ஏரா எனப்படும் அடிக்கட்டை வைக்கப்பட்டதா, உடல் நீரில் இறக்கப்பட்டதா என்பவை வெவ்வேறு நிலைகள். ஜெர்மனியின் எச் வகுப்பை இதற்குச் சான்றாகக் காட்டலாம். எட்டு 40.6 சென்டிமீட்டர் பீரங்கிகளுடன் வடிவமைக்கப்பட்ட எச்-39 உண்மையான திட்டம். அதன் முதல் கப்பலுக்கு 1939 ஜூலையில் ஹாம்பர்க்கிலும், இரண்டாவதற்கு அதே ஆண்டு செப்டம்பரில் பிரேமனிலும் அடிக்கட்டை வைக்கப்பட்டது. போர் தொடங்கிய சில வாரங்களில் இரண்டும் நிறுத்தப்பட்டன. ஆனால் இணையத்தில் அதிகம் பகிரப்படுவது எச்-44 என்ற பெயர்தான். 1,30,000 டன்னைத் தாண்டும் எடையும் 50.8 சென்டிமீட்டர் பீரங்கிகளும் கொண்ட அந்த வரைவு, வளர்ந்துகொண்டே போகும் விமானக் குண்டுகளையும் நீருக்கடி ஆயுதங்களையும் தாங்க ஒரு கப்பல் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்த்த ஆய்வு மட்டுமே. அதைக் கட்டும் எண்ணம் யாருக்கும் இருக்கவில்லை. "ஹிட்லர் கட்டவிருந்த மாபெரும் கப்பல்" என்று அதை அறிமுகப்படுத்துவது வாசகரைத் தவறான இடத்துக்கு அழைத்துச் செல்லும்.

அமெரிக்காவின் டில்மன் வரைவுகளும் இப்படித்தான் திரிக்கப்படுகின்றன. போர்க்கப்பல்கள் ஆண்டுதோறும் பெரிதாகிக்கொண்டே போவதைக் கண்ட செனட்டர் பெஞ்சமின் டில்மன், இந்த வளர்ச்சியின் எல்லைதான் எது என்று கடற்படையைக் கேட்டார். பனாமா கால்வாயும் துறைமுகங்களின் ஆழமும் அனுமதிக்கும் உச்ச அளவை வைத்து, 80,000 டன் வரை எட்டும் சில வரைவுகள் அதற்கு விடையாகத் தயாரிக்கப்பட்டன. அரசியல்வாதியின் கேள்விக்குப் பொறியாளர்கள் அளித்த விடை அது. கட்டுமானத் திட்டம் அல்ல.

எடையைப் பற்றிய குழப்பம் இதைவிடப் பரவலானது, இதைவிடக் கண்ணுக்குப் புலப்படாதது. பெரும் போர்க்கப்பல்களுக்கு வரம்பு விதித்து, 1922 பிப்ரவரியில் கடற்படை வல்லரசுகள் கையெழுத்திட்ட வாஷிங்டன் ஒப்பந்தத்துக்கு முன், ஒவ்வொரு கடற்படையும் எரிபொருளில் ஒரு பங்கைத் தன் வழக்கப்படி சேர்த்துக்கொண்டு கப்பலின் எடையைச் சொல்லிவந்தது. ஒப்பந்தம்தான் "நிலையான எடை" என்ற பொது அளவை வகுத்தது. ஆட்கள், வெடிபொருள், உணவு எல்லாம் ஏற்றப்பட்டு, எரிபொருளும் கொதிகலனுக்கான இருப்பு நீரும் மட்டும் இல்லாத நிலையில் உள்ள எடை அது. ஆகவே 1920-இல் அமெரிக்கா கட்டத் தொடங்கிய தெற்கு டகோட்டா வகுப்பின் 43,200 டன்னையும், 1940-இல் திட்டமிடப்பட்ட மொன்டானாவின் 60,500 டன்னையும் அடுத்தடுத்து எழுதி ஒப்பிட்டால், இரு வேறு அளவுகோல்களை ஒன்றாக்கிவிடுகிறோம். மொன்டானாவுக்கே முழுச் சுமையில் 70,000 டன்னைத் தாண்டும் இன்னோர் எண்ணும் உண்டு; அந்த முழுச்சுமை எண்ணை எடுத்து வேறொரு கப்பலின் நிலையான எடையோடு மோதவிடும் அட்டவணைகள் ஏராளம். இதற்கு மேல் பிரிட்டிஷ் டன் 1,016 கிலோகிராம், மெட்ரிக் டன் 1,000 கிலோகிராம் என்ற வேறுபாடும் சேர்கிறது. எந்த எண்ணை எழுதினாலும், அது எந்த நிலையில், எந்த டன்னில் கணக்கிடப்பட்டது என்பதை அதே வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பெயர்க் குழப்பத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தெற்கு டகோட்டா என்ற வகுப்பு இரண்டு உண்டு. 1920-களில் தொடங்கிக் கைவிடப்பட்டது, பன்னிரண்டு 16 அங்குலப் பீரங்கிகளுக்காக வரையப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் சண்டையிட்டது, ஒன்பது பீரங்கிகள் கொண்டது. மொன்டானா என்ற பெயரோ முதலில் அந்தப் பழைய வகுப்பின் ஒரு கப்பலுக்கும், பிறகு 1940-இன் புதிய வகுப்புக்கும் வைக்கப்பட்டு, இரண்டு முறையும் நிறைவேறாமல் போனது. அன்றைய 48 மாநிலங்களில் தன் பெயரில் ஒரு பேட்டில்ஷிப் கட்டி முடிக்கப்படாத மாநிலம் மொன்டானா ஒன்றுதான். ஆண்டைக் குறிப்பிடாமல் பெயரை மட்டும் எழுதினால் இந்த இரண்டும் கலந்துவிடும்.

கப்பல் ஏன் கைவிடப்பட்டது என்ற கேள்விக்கு வரும்போதுதான் மிகவும் கவனம் தேவை. "விமானந்தாங்கிகள் வந்துவிட்டன, பேட்டில்ஷிப்கள் காலாவதியாயின, ஆகவே கைவிட்டார்கள்" என்ற ஒற்றை விளக்கத்தை எல்லாக் கப்பலுக்கும் பொருத்துகிறார்கள். அது பல இடங்களில் பொருந்தாது. பிரிட்டனின் ஜி3 வகுப்புக் கப்பல்கள் நான்குக்கும் 1921 அக்டோபரில் ஆணை வழங்கப்பட்டது. அடுத்த மாதமே பணி நிறுத்தப்பட்டு, வாஷிங்டன் ஒப்பந்தம் கையெழுத்தானதும் ரத்தானது. ஒன்பது 16 அங்குலப் பீரங்கிகளும் ஏறத்தாழ 32 நாட் (மணிக்கு 32 கடல்மைல்) வேகமும் கொண்ட அந்த வடிவமைப்பில் குறை கண்டு யாரும் கைவிடவில்லை. முதல் உலகப்போர் முடிந்த கையோடு இன்னொரு கப்பல் கட்டும் போட்டியைத் தாங்க எந்தக் கருவூலத்தாலும் இயலவில்லை. ஜப்பானில் 1921 வாக்கில் கடற்படைச் செலவு மட்டுமே அரசின் மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்கை நெருங்கியிருந்தது.

பிரிட்டனின் லயன் வகுப்பின் கதை வேறு. டெமரேர், லயன் ஆகிய இரண்டுக்கும் 1939 ஜூன், ஜூலை மாதங்களில் அடிக்கட்டை வைக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் அவை நிறுத்தப்பட்டதற்கு, போரில் உடனடியாகத் தேவைப்பட்ட துணைக்கப்பல்களுக்கும் பழுதுபார்ப்புக்கும் ஆட்களும் எஃகும் திருப்பப்பட்டதுதான் காரணம். பேட்டில்ஷிப் வேண்டாம் என்று பிரிட்டன் முடிவெடுத்திருந்தால், 1941-இல் வான்கார்ட் என்ற பேட்டில்ஷிப்பைக் கட்டத் தொடங்கியிருக்காது. முன்பு கரேஜியஸ், குளோரியஸ் கப்பல்களிலிருந்து கழற்றி வைத்திருந்த 15 அங்குலப் பீரங்கிக் கோபுரங்கள் கையிருப்பில் இருந்தன. கப்பல் கட்டுமானத்தில் மிக அதிகக் காலம் பிடிக்கும் பகுதி கோபுரங்களே என்பதால், அவற்றைச் சுற்றி ஒரு புதிய கப்பலை வேகமாகக் கட்டிவிடலாம் என்று கருதினார்கள். அது முடிந்தது 1946-இல்தான் என்பது வேறு விஷயம். மொன்டானாவைப் பொறுத்தவரை விமானந்தாங்கி விளக்கத்தில் உண்மை இருக்கிறது: 1942-இல் நிறுத்தப்பட்டு 1943 ஜூலையில் ரத்தானபோது, எஃகும் கட்டும் தளங்களும் விமானந்தாங்கிகளுக்கும் தரையிறக்கக் கப்பல்களுக்கும் தேவைப்பட்டன. ஒரு கப்பலுக்குச் சரியான விளக்கம் அடுத்த கப்பலுக்குச் சரியாகாது என்பதற்கு லயனும் மொன்டானாவும் போதும்.

சோவியத் கப்பல்களில் காரணம் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. இங்குதான் தாளுக்கும் தொழிற்சாலைக்கும் உள்ள தூரம் நன்றாகத் தெரிகிறது. சோவெட்ஸ்கி சோயுஸுக்கு லெனின்கிராடில் 1938 ஜூலையில் அடிக்கட்டை வைக்கப்பட்டது. வடிவமைப்புக்கு இறுதி ஒப்புதல் கிடைத்ததோ 1939 ஜூலையில். அதாவது வரைபடம் முடிவாகுமுன்பே கப்பல் தொடங்கப்பட்டது. பக்கவாட்டுக் கவசம் 375 முதல் 420 மில்லிமீட்டர் வரை என்று தாள் சொல்கிறது. அட்டவணைகளும் அதையே எடுத்து எழுதுகின்றன. ஆனால் மேற்பரப்புக்குக் கரியேற்றிக் கடினமாக்கும் உயர்தரக் கவசத் தகடுகளை 230 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாகச் செய்யும் திறன் சோவியத் ஆலைகளுக்கு அப்போது இல்லை. தடிமனான தகடுகளுக்கு, தரத்தில் தாழ்ந்த வேறொரு முறையை ஏற்க வேண்டியதாயிற்று. ஆகவே 420 என்ற எண்ணை வேறு நாட்டுக் கப்பலின் கவசத் தடிமனோடு மில்லிமீட்டருக்கு மில்லிமீட்டர் ஒப்பிடுவது பொருளற்றது. இதே வகுப்பின் சோவெட்ஸ்கயா பெலோருசியா 1940 அக்டோபரில், போர் சோவியத் மண்ணைத் தொடுமுன்பே கைவிடப்பட்டது. அதன் உடலில் அடித்த சுமார் 70,000 தறையாணிகள் தரம் குறைந்தவை என்று கண்டறியப்பட்டதும் அதற்கு ஒரு காரணம். எஞ்சியவற்றை ஜெர்மானியப் படையெடுப்பு நிறுத்தியது. "ஜெர்மனி படையெடுக்காவிட்டால் உலகின் வலிமையான கப்பல்களுள் ஒன்று சோவியத்திடம் இருந்திருக்கும்" என்று எழுதுவோர், இந்தத் தறையாணிகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இதிலிருந்தே அடுத்த தவறும் பிறக்கிறது. கட்டாத கப்பலின் திட்டமிட்ட வேகத்தையும் கவசத்தையும், கட்டி முடித்த கப்பலின் சோதனை ஓட்டத்தில் அளந்த வேகத்தோடும் சண்டையில் தெரியவந்த பலவீனங்களோடும் ஒப்பிட்டு, முன்னதற்கு வெற்றி அளிப்பது. கட்டி முடித்த கப்பல் தன் குறைகளை வெளிக்காட்டிவிடுகிறது. தாளில் உள்ள கப்பலுக்கு அந்த வாய்ப்பே வருவதில்லை. கட்டப்படும் காலத்திலேயே கருவிகளும் விமான எதிர்ப்புப் பீரங்கிகளும் கூடிக்கொண்டே போய் எடை ஏறுவது ஏறக்குறைய எல்லாக் கப்பலுக்கும் நேர்ந்தது. காகிதக் கப்பல் மட்டும் என்றும் இளைத்த உடலோடு இருக்கிறது. ஜப்பான் கட்டி முடித்த யமாட்டோவும் மொன்டானாவும் மோதியிருந்தால் என்ற விவாதங்களில் நான் சேராததற்கு இதுதான் காரணம்.

கப்பலை மட்டும் பார்த்து, அது புழங்க வேண்டிய இடத்தைப் பாராமல் விடுவதும் பிழையே. பனாமா கால்வாயில் கப்பலை ஏற்றி இறக்கும் "லாக்" தொட்டிகளின் அகலம் 110 அடி. அமெரிக்க பேட்டில்ஷிப்களின் வடிவத்தை ஒரு தலைமுறைக் காலம் அந்த எண்தான் கட்டுப்படுத்தியது. அயோவா வகுப்பு 108 அடி அகலத்தில் நின்றதற்கும் அதுவே காரணம். மொன்டானாவின் அகலம் 121 அடி. அகலமான மூன்றாவது வரிசைத் தொட்டிகளைக் கட்டும் வேலை அப்போது தொடங்கியிருந்ததை நம்பியே அந்தக் கட்டுப்பாட்டை விட்டார்கள். அந்த வேலையும் 1942-இல் நின்றது. கப்பல் கட்டப்பட்டிருந்தாலும், ஒரு பெருங்கடலிலிருந்து இன்னொன்றுக்குப் போக அது தென் அமெரிக்காவைச் சுற்றியே போயிருக்க வேண்டும்.

கைவிட்டதெல்லாம் வீணானது என்ற எண்ணத்தைத்தான் நான் மிகவும் வருந்தத்தக்கதாகக் கருதுகிறேன். ஏனெனில் இந்த வரலாற்றின் வளமான பகுதியை அது மறைத்துவிடுகிறது. ஜி3-இன் ஆய்வுகள் வீணாகவில்லை. மூன்று கோபுரங்களையும் கப்பலின் முன்பக்கம் குவித்து, உயிர்நாடியான பகுதிக்கு மட்டும் தடித்த கவசம் தரும் நெல்சன், ரோட்னி கப்பல்கள், அந்தச் சிந்தனையை வாஷிங்டன் ஒப்பந்தத்தின் 35,000 டன் வரம்புக்குள் சுருக்கியவையே. அமெரிக்காவின் லெக்சிங்டன், சரடோகா ஆகியவை, கவசத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டிய பேட்டில்குரூசர்களாகத் தொடங்கி விமானந்தாங்கிகளாக முடிந்தன. ஜப்பானில் அகாகியும் அமாகியும் அவ்வாறே மாற்றப்படவிருந்தன. 1923-இன் கான்டோ நிலநடுக்கத்தில் அமாகியின் உடல் சிதைந்துபோகவே, உடைக்கப்படவிருந்த பேட்டில்ஷிப் காகா அதன் இடத்தைப் பெற்றது. பிரான்ஸின் நோர்மண்டி வகுப்பில் எஞ்சிய பேயார்னும் விமானந்தாங்கியாகவே பிழைத்தது.

காகாவின் உடன்பிறப்பான தோசாவை 1924-இல் ஜப்பானியர் குண்டுச் சோதனைக்கு இலக்காக்கினர். கப்பலுக்குச் சற்று முன்பாக நீரில் விழுந்த ஒரு குண்டு, நீருக்கடியிலேயே ஓடிவந்து கவசத்துக்குக் கீழே துளைத்து, சுமார் 3,000 டன் நீரை உள்ளே விட்டது. அந்த ஒரு குண்டிலிருந்து, நீருக்கடியில் நேராக ஓடும்படி அமைத்த 91 வகைக் குண்டும், அத்தகைய குண்டைத் தடுக்க யமாட்டோவின் பக்கவாட்டுக் கவசத்தைக் கீழ்நோக்கி நீட்டிய ஏற்பாடும் பிறந்தன. அமெரிக்காவும் முக்கால் பங்கு முடிந்திருந்த வாஷிங்டன் என்ற பேட்டில்ஷிப்பை அதே ஆண்டில் சோதித்து மூழ்கடித்தது.

பீரங்கிகளின் பயணம் இன்னும் விரிவானது. எச் வகுப்புக்கென வார்த்த 40.6 சென்டிமீட்டர் பீரங்கிகள், ஆங்கிலக் கால்வாய்க் கரையிலும் நார்வேயின் ட்ரொன்டெனெஸிலும் கரைப் பாதுகாப்புக்கு நிறுத்தப்பட்டன. ட்ரொன்டெனெஸ் பீரங்கியை இன்றும் போய்ப் பார்க்கலாம். சோவியத் 406 மில்லிமீட்டர் பீரங்கி ஒன்று லெனின்கிராடு அருகே சோதனைத் தளத்தில் இருந்தது. முற்றுகைக் காலத்தில் அது ஜெர்மானியர் மீது சுட்டது. பழைய தெற்கு டகோட்டாவுக்கென அமெரிக்கா செய்து வைத்திருந்த 16 அங்குலப் பீரங்கிகளை அயோவா வகுப்பில் பொருத்தலாம் என்று முதலில் திட்டமிட்டார்கள். 1938-இல், பீரங்கித் துறையினர் வரைந்த கோபுரத்துக்கு 39 அடி விட்டமுள்ள அடித்தளம் வேண்டும் என்பதும், கப்பல் வடிவமைப்பாளர்கள் ஒதுக்கியது 37 அடி 3 அங்குலம்தான் என்பதும் வெளிப்பட்டன. தீர்வாக, சிறிய கோபுரத்தில் அடங்கும் இலகுவான புதிய பீரங்கி ஒன்று வடிவமைக்கப்பட்டது. அயோவாக்கள் அரை நூற்றாண்டு ஏந்தியது அதைத்தான். மொன்டானாவுக்கும் அதுவே குறிக்கப்பட்டிருந்தது. பழைய பீரங்கிகள் ராணுவத்தின் கரைப் பாதுகாப்புக்குப் போயின.

கடைசியாகப் படங்களைப் பற்றி ஒரு சொல். யமாட்டோவுக்குப் பின் ஜப்பான் திட்டமிட்ட, 51 சென்டிமீட்டர் பீரங்கிகள் கொண்ட ஏ-150 கப்பலின் ஆவணங்களில் பெரும்பாலானவை போர் முடிவில் அழிக்கப்பட்டன. யமாட்டோவின் 46 சென்டிமீட்டர் பீரங்கியையே "40 சென்டிமீட்டர்" என்று பதிவேட்டில் பெயரிட்டு மறைத்த கடற்படை அது. ஆகவே ஏ-150-இன் பக்கத்தோற்றம், மேல்தோற்றம் என்று திருத்தமாக வரைந்து நிறம் தீட்டிய படங்கள் எல்லாம் பிற்கால ஓவியர்களின் மறுகட்டமைப்புகள். கணினி விளையாட்டுகளில் வரும் மாதிரிகளும் அப்படியே. அத்தகைய படத்தைக் கட்டுரையில் சேர்த்தால், அதன் கீழே "பிற்காலக் கற்பனை வரைவு" என்ற குறிப்பையும், தெரிந்தால் வரைந்தவர் பெயரையும் சேர்ப்பது எழுதுவோரின் கடமை. மூல வரைபடம் கிடைக்கும் கப்பல்களிலும், அந்த வரைபடத்தின் மூலையில் உள்ள தேதியைப் படித்து எழுத வேண்டும். லயனுக்கு 1938-இல் வரைந்ததும் போரின் இறுதியில் வரைந்ததும் பெயரில் மட்டுமே ஒன்று.