இருபத்துநாலு வீட்டுக்கு ஒரு கோயம்பேடு

சென்னைக்குத் தெற்கே இருக்கிற பெரும்பாக்கம் ஹவுசிங் போர்டுக்கு நாங்கள் வந்தது 2017-இல். அதற்கு முன்னால் சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம், கூவம் கரை. அங்கே இருந்தவரைக்கும் காய் வாங்குவது ஒரு தனி வேலை என்றே எனக்குத் தோன்றியதில்லை. வீட்டு வேலை முடிந்து திரும்பும் வழியில் பத்து ரூபாய்க்குக் கத்திரிக்காய், அஞ்சு ரூபாய்க்குப் பச்சைமிளகாய் என்று கையில் இருக்கிற காசுக்கு வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். இங்கே வந்த முதல் வாரம் பிளாக்குக்குக் கீழே இருந்த கடைக்குப் போனேன். வெங்காயம், உருளைக்கிழங்கு, தோல் சுருங்கிய தக்காளி. மேலே நிமிர்ந்து பார்த்தால் சரம் சரமாக அஞ்சு ரூபாய் சிப்ஸ் பாக்கெட்.

கடைக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். பாக்கெட் மாசக்கணக்கில் தொங்கினாலும் கெடாது. கீரை மத்தியானத்தைத் தாண்டாது. கெட்டுப்போனால் அந்த நஷ்டம் அவர் ஒருத்தர் தலையில்தான். அதனால் அவர் கெடாத சரக்கை மட்டும் போடுகிறார். இங்கே நல்ல காய் கிடைக்காததற்கு நான் கண்ட காரணம் இதுதான். எங்களுக்குச் சத்து எது என்று தெரியாததால் இல்லை. சார்ட் பேப்பரில் கேரட் படம் ஒட்டிக்கொண்டு வந்து வகுப்பு எடுத்துவிட்டுப் போகிறவர்கள் பலரைப் பார்த்துவிட்டேன். கேரட் எங்கே விற்கிறது என்று மட்டும் யாரும் சொன்னதில்லை.

2021 மே மாதம் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம் ஆனது. நானும் எதிர்வீட்டு அக்காவும் ஆளுக்கு இரண்டு கட்டைப்பையோடு கோயம்பேடு மொத்தக் காய் மார்க்கெட்டுக்குக் கிளம்பினோம். இப்போது இரண்டு மாடியிலிருந்து 24 வீடு சேர்ந்து வாரத்தில் இரண்டு முறை காய் எடுக்கிறோம். உங்கள் குடியிருப்பிலும் செய்யலாம். எப்படி என்று சொல்கிறேன், நாங்கள் சறுக்கிய இடங்களையும் சேர்த்து.

முதலில் வீடு சேர்க்க வேண்டும். மொத்த பிளாக்கையும் கூட்டி மீட்டிங் போடாதீர்கள். மீட்டிங்கில் எல்லாரும் சரி என்பார்கள், காசு கேட்கும்போது கதவு சாத்தியிருக்கும். ஒரே மாடியில், தினமும் முகம் பார்க்கிற ஆறேழு வீட்டோடு ஆரம்பியுங்கள். அவர்கள் பை நிறைய காயோடு படியேறுவதைப் பார்த்து மற்றவர்கள் தானாக வருவார்கள். பத்துக்குக் குறைந்தால் வண்டிக்கூலி கட்டாது. முப்பதைத் தாண்டினால் பிரித்துக் கொடுக்கவே அரை நாள் போய்விடும், சண்டையும் வரும். உங்கள் மாடியில் ஏற்கெனவே மகளிர் சுய உதவிக் குழு இருந்தால் பாதி வேலை முடிந்தது. நோட்டுப் போட்டுப் பழகியவர்கள் அங்கே இருப்பார்கள்.

அடுத்தது பணம். இதில்தான் நான் ரொம்பக் கற்றுக்கொண்டேன். ஆரம்பத்தில் கொள்முதலுக்கு முதல் நாள் 150 ரூபாய் கேட்டோம். தினக்கூலி வாங்குகிற வீட்டில் 150 ரூபாயை ஒரே நாளில் எடுத்து வைப்பது லேசான விஷயம் இல்லை. எங்கள் பக்கத்தில் வட்டிக்குக் கடன் கொடுக்கிற தண்டல்காரர் தினமும் வந்து சின்னச் சின்னத் தொகையாக வசூல் செய்வார், எல்லாரும் கட்டிவிடுவார்கள். அந்த வழியையே எடுத்துக்கொண்டோம், வட்டி மட்டும் கிடையாது. தினம் 40 ரூபாய். சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு சின்னப் பெண் நோட்டோடு கதவு கதவாகப் போகும். வாரத்துக்கு 280, ஒரு நடைக்கு 140. தனியாக இருக்கும் பாட்டிகளுக்கு அரைப் பங்கு, 20 ரூபாய். ஒரு நாள் தரவில்லை என்றால் அபராதம் கிடையாது, அந்த 40 ரூபாய்க்கான காய் குறையும், அவ்வளவுதான்.

கடன் மட்டும் கொடுக்காதீர்கள். இரண்டாவது மாசம், "எக்கா, கையில சுத்தமா இல்ல, அடுத்த வாரம் குடுத்துடறேன்" என்று மூன்று வீட்டில் சொன்னார்கள். மனசு கேட்காமல் என் காசைப் போட்டுக் கொடுத்தேன். அவர்களால் திருப்ப முடியவில்லை. கூச்சத்தில் என்னைப் பார்த்தாலே படியில் ஒதுங்க ஆரம்பித்தார்கள். காசு போனதுகூடப் பெரிசில்லை, மூன்று வீடு குழுவை விட்டுப் போய்விட்டது. இப்போது யாருக்காவது கஷ்டம் என்றால் எல்லார் பங்கிலிருந்தும் ஆளுக்கொரு பிடி எடுத்துக் கொடுக்கிறோம். அது கடன் இல்லை, நோட்டில் ஏறாது.

கணக்கை ஒரு தரம் போட்டுக் காட்டுகிறேன். 24 வீடும் முழுப் பங்கு என்று வைத்தால், 140 ரூபாய் வீதம் 3,360. வண்டிக்கும் மூட்டை தூக்குகிற கூலிக்கும் 500 போனால் 2,860. விலை கூடக் குறைய இருந்தாலும் சராசரி கிலோ 30 ரூபாய் என்று வைத்தால் 95 கிலோ வரும். வீட்டுக்குக் கிட்டத்தட்ட நாலு கிலோ. அதே காயைக் கீழே வாங்கினால் முப்பது நாற்பது ரூபாய் அதிகமாகும். பெரிய மிச்சம் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பத்து வகைக் காய், வாடாமல், வாசல் வரைக்கும் வருகிறது. உலக சுகாதார நிறுவனம் காயும் பழமுமாக ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் என்கிறது, உருளைக்கிழங்கு அதில் சேராது. நாலு பேர் வீட்டுக்கு வாரம் 11 கிலோ. நாங்கள் இரண்டு நடையில் எட்டு கிலோ வரைக்கும் வந்திருக்கிறோம். ஒரே நடையில் எட்டு கிலோ எடுக்கலாமே என்று கேட்பார்கள். எங்கள் மாடியில் பாதி வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது.

வண்டி விஷயத்தில் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். தனியாகக் குட்டி யானை பிடிக்காதீர்கள். கோயம்பேடு இங்கிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல். நூறு கிலோ சரக்குக்கு ஒரு முழு வண்டி வாடகை கொடுத்தால் கீழே வாங்குவதே மேல். உங்கள் ஏரியாவில் தள்ளுவண்டியில் காய் விற்கிற அக்காவோ அண்ணனோ கண்டிப்பாக இருப்பார்கள். அவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஏற்கெனவே ஒரு வண்டி பேசி ராத்திரி போய்க்கொண்டிருப்பார்கள். அதில் உங்கள் மூட்டைக்கு இடம் கேளுங்கள், மூட்டைக்கு இவ்வளவு என்று. எங்களுக்கு இடம் கொடுத்த வண்டிக்கார அக்கா முதலில் முறைத்தார், அவர் வியாபாரத்தைப் பிடுங்க வந்திருக்கிறோம் என்று. அவரிடம் ஒப்பந்தம் போட்டோம்: வெங்காயம், உருளை, இஞ்சி, பூண்டு எதையும் நாங்கள் மொத்தமாக எடுப்பதில்லை, 24 வீடும் அவரிடமே வாங்கும். இப்போது எங்களுக்காகப் பேரம் பேசுவதே அவர்தான். அந்த ஆள் இல்லாமல் நாங்கள் மூன்று மாசம் தாண்டியிருக்க மாட்டோம்.

மார்க்கெட்டில்

விடிகாலை மூன்று மணிக்குப் போனால் சரக்கு அருமையாக இருக்கும், விலையும் உச்சத்தில் இருக்கும். விடிந்த பிறகு விலை இறங்கும், தரமும் இறங்கும். எங்களுக்கு ஐந்து மணி தோதுப்படுகிறது. ஒரு கடையில் கேட்டதும் வாங்காதீர்கள், ஒரு வரிசை முழுக்க நடந்து நாலு கடையில் விலை கேளுங்கள். மூட்டைக்கோ பெட்டிக்கோ எத்தனை கிலோ என்று கேட்டுவிட்டு அப்புறம் விலை பேசுங்கள். எல்லாக் கடையிலும் ஒரே அளவு இருக்காது.

தக்காளிப் பெட்டியை அடி வரைக்கும் கையை விட்டுப் பாருங்கள். முதல் மாசம் ஒரு கமிஷன் கடையில் சல்லிசாகக் கிடைத்தது என்று இரண்டு பெட்டி தூக்கிக்கொண்டு வந்தோம். மேலே இரண்டு அடுக்கு பளபள என்று இருந்தது, கீழே எல்லாம் கஞ்சி. அன்றைக்கு மாடி முழுக்கத் தக்காளித் தொக்கு. நாட்டுத் தக்காளி ரசத்துக்கு நன்றாக இருக்கும், ஆனால் தோல் மெல்லிசு, வழியிலேயே நசுங்கும். மூன்று நாள் வெளியே இருக்க வேண்டும் என்றால் நவீன் தக்காளியே எடுங்கள்.

ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டை மனதில் வைத்து வாங்க வேண்டும். பூசணி, சுரைக்காய், கேரட், பீட்ரூட், கோஸ், வாழைக்காய், சேனை இதெல்லாம் தாங்கும். பீன்ஸ், வெண்டை, கத்திரி, புடலை அன்றைக்கும் மறுநாளைக்கும் மட்டும். முழுப் பூசணி ஒன்று வாங்கி இங்கே வெட்டிப் பங்கு போடுங்கள், வெட்டிய துண்டாக வாங்கினால் வந்து சேர்வதற்குள் நீர் விட்டுவிடும். பீட்ரூட்டை எங்கள் மாடியில் முதலில் யாரும் தொடவில்லை. தேங்காய் போட்டுப் பொரியல் செய்து நாலு வீட்டுக்குக் கிண்ணத்தில் கொடுத்த பிறகுதான் கேட்க ஆரம்பித்தார்கள். புதுக் காய் எது வாங்கினாலும் இதைச் செய்யாமல் விடாதீர்கள்.

கீரையைக் கோயம்பேட்டிலிருந்து கொண்டுவருவது வீண். வண்டியிலேயே வெந்துவிடும். டிவிஎஸ் எக்ஸெல்லில் கீரைக்கட்டு அடுக்கிக்கொண்டு போகிற அண்ணன்கள் எந்தத் தெருவிலும் உண்டு. ஒருவரை நிறுத்தி, வாரம் இரண்டு நாள் முப்பது கட்டு, விற்றாலும் விற்காவிட்டாலும் முப்பதுக்கும் காசு நாங்கள் தந்துவிடுகிறோம் என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் ஐந்து கிலோமீட்டர் சுற்றிக்கொண்டுகூட வருவார். அரைக்கீரை, சிறுகீரை, முருங்கைக்கீரை என்று மாற்றி மாற்றிக் கேளுங்கள்.

கூறு போடுவது

வராந்தாவில் சாக்கை விரித்து 24 கூறு. தராசு வைத்துக்கொள்ளுங்கள். வெளியாருக்கும் விற்பதாக இருந்தால் அதில் தொழிலாளர் துறை முத்திரை இருக்க வேண்டும். ஆனால் எடை சரியாக இருந்தாலும் சண்டை வரும். "அவளுக்கு மட்டும் பிஞ்சு வெண்டைக்கா, எனக்கு முத்துனதா?" இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறோம். கூறு போடுகிறவர் கடைசியில்தான் எடுக்க வேண்டும். மற்றவர்கள் சீட்டு எடுத்த வரிசைப்படி வருவார்கள். அந்த நாளிலிருந்து எங்கள் கூறுகளில் எது உசத்தி, எது மட்டம் என்று பார்த்துச் சொல்ல முடியாது.

காலையில் வேலைக்குப் போய்விடுகிறவர்களின் பையைப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவோம். லிஃப்ட் ஓடாத நாளில் ஏழாவது மாடிப் பாட்டிக்குப் பையன்கள் கொண்டுபோய்க் கொடுப்பார்கள், கூலி ஆளுக்கு ஒரு கேரட்.

மாடித் தோட்டம் போடுங்களேன் என்று பலர் சொல்வார்கள். போடலாம்தான். ஆனால் மொட்டைமாடி பூட்டியிருக்கிறது, தண்ணீரைக் குடத்தில் தூக்க வேண்டும். ஜன்னல் ஓரம் ஒரு தொட்டியில் கறிவேப்பிலை வைத்திருக்கிறேன். அதோடு சரி.

கீழே கடைக்காரரை விட்டுவிடாதீர்கள். அவரிடம் போய் ஒரு வாழைத்தார் தொங்கவிடச் சொன்னோம். இரண்டாம் நாள் சாயங்காலம் மிச்சம் இருக்கிற பழத்தை விலை குறைத்து நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்றோம். முதல் தாரில் இரண்டு சீப்பு மிஞ்சியது, எடுத்தோம். மூன்றாவது தாரில் ஒன்றும் மிஞ்சவில்லை. சிப்ஸ் சரத்துக்குப் பக்கத்திலேயே பழம் தொங்கினால் பத்தில் மூன்று பிள்ளை பழத்தைக் கேட்கிறது. மீதி ஏழு சிப்ஸ்தான் கேட்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஏழுக்காக ஒரு அக்கா சாயங்காலம் நாலரைக்கு மூக்கடலைச் சுண்டல், பயறுச் சுண்டல் போடுகிறார், கிண்ணம் பத்து ரூபாய். அப்படி விற்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு எடுத்துவிடுங்கள்.

ரேஷனில் மாசம் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைப்பதை நிறைய வீட்டில் வாங்காமல் விட்டுவிடுகிறார்கள். நாள் தெரியாது, போனால் தீர்ந்திருக்கும். பருப்பு வந்த அன்றைக்கு முதலில் பார்க்கிறவர் வாட்ஸ்அப்பில் போட வேண்டும் என்று வைத்தோம். சாம்பார் வைக்காத வீட்டில் காய் செலவாகாது, அதனால் பருப்பு எங்களுக்குக் காயில் பாதி.

விலை எகிறும்போது என்ன செய்வது? 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டிப் போனது. அரசு சென்னையில் சில ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்குக் கொடுத்தது, முடிந்தவர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். குழு நோட்டில் அந்த மாசம் தக்காளி என்ற வரியே கிடையாது. 40 ரூபாயை ஏற்றவும் இல்லை. புளி, மாங்காய், கூடக் கொஞ்சம் சுரைக்காய் என்று ஓட்டினோம். நாலாவது வாரம் வண்டிக்கார அக்கா தானாக ஒரு கிலோ தக்காளி கொண்டுவந்து வராந்தாவில் வைத்தார். எண்ணிப் பார்த்தால் பதினெட்டுப் பழம். இருபத்துநாலு வீட்டுக்கு எப்படிக் கூறு போடுவது என்று புரியாமல், ஒரே அண்டாவில் ரசம் வைத்து ஆளுக்கொரு சொம்பு ஊற்றிக் கொடுத்தோம்.