பத்தாம் வகுப்புப் பையனுக்கு இலக்கு வைக்கும்போது பெற்றோர் செய்யும் தவறுகள்

காலாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் வீட்டுக்கு வந்ததும், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பாலக்கோடு, காவேரிப்பட்டணம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் ஒரே பேச்சுதான் கேட்கும்: "நல்லாப் படிச்சுப் பெரிய ஆளா வரணும்டா." சொல்பவரின் அக்கறையில் குறையில்லை. ஆனால் பதினைந்து வயதுப் பையன் நாளைக் காலையில் எழுந்து செய்யக்கூடிய வேலை எதுவும் அந்தச் சொல்லில் இல்லை. எட்டாத ஒன்றைச் சொல்லிவிட்டு, அதற்கான முதல் படியைக் காட்டாமல் விடுவதுதான் நான் அடிக்கடி காணும் தவறு.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், பையன் கணிதத்தில் 28 மதிப்பெண் எடுத்திருந்தான். தேர்ச்சிக்கு 35 வேண்டும். ராயக்கோட்டைத் தக்காளி மண்டியில் மூட்டை ஏற்றும் அவனுடைய தந்தை, திட்டுவதற்கு வாயெடுத்தவர், என்ன நினைத்தாரோ, விடைத்தாளை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். கடைசி இரண்டு வினாக்கள், அதாவது வடிவியலும் வரைபடமும், வெறுமையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் 8 மதிப்பெண். இரண்டும் சேர்ந்தால் 16. ஏன் எழுதவில்லை என்று கேட்டபோது, வெகுநேரம் கழித்துப் பையன் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து காட்டினான். கவராயத்தின் திருகு தளர்ந்திருந்ததால், வட்டம் போட்டால் தொடங்கிய இடத்தில் வந்து சேரவில்லை. அக்கறையில்லாதவன் என்று மூன்று மாதமாகத் திட்டு வாங்கியவனின் பாக்ஸை யாரும் திறந்து பார்க்கவில்லை என்பதை என்னவென்று சொல்வது? புதுக் கவராயம் வந்தது. தினமும் ஒரு படம் வரைவது, டிசம்பரில் அரையாண்டுத் தேர்வில் அந்த இரண்டு வினாக்களையும் விடாமல் எழுதுவது என்று அவனே சொன்னான். இலக்கு என்றால் இந்த அளவில், தேதியோடு, அவன் வாயிலிருந்தே வர வேண்டும்.

அவனே சொல்லும்வரை காத்திருக்கப் பொறுமையின்றி, "உன் அக்காவைப் பார்" என்று தொடங்குவது அடுத்த தவறு. தேர்வு முடிவுகளில் மாணவியரின் தேர்ச்சி விகிதம் கூடுதலாக இருப்பது உண்மைதான். அதைச் சொல்லிக் காட்டுவதால் தம்பிக்குக் கணக்கு வந்துவிடாது.

நம் மாவட்டங்களில் இன்னும் பெரிய சிக்கல் கூலி. மாம்பழ சீசனில் மண்டியிலும், மற்ற நாட்களில் ஓசூர், பெங்களூரு கட்டட வேலையிலும் கையில் காசு பார்த்துவிட்ட பையனுக்கு வகுப்பறை சலித்துப்போகிறது. "ரெண்டு நாள் லீவு போட்டா என்ன" என்று வீட்டிலும் சொல்லிவிடுகிறார்கள். பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை வேலைக்கு வைப்பதும், பதினெட்டு வயதுவரை ஆபத்தான வேலையில் ஈடுபடுத்துவதும் சட்டப்படி குற்றம். அதே நேரத்தில், சம்பாதிக்க விரும்புவதையே குற்றம்போல் பேசினால் அவன் அதன்பின் நம்மிடம் வாய் திறக்க மாட்டான். அந்த ஆசைக்கு வழி காட்டுவதே நல்லது. பத்தாம் வகுப்பு தேறினால் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் இரண்டுக்கும் போகலாம் என்பதையும், ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரி சேரும் மாணவர்களுக்கு 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது என்பதையும் அவனோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

தேறினால் பைக் வாங்கித் தருகிறேன் என்ற பேரம் வேண்டாம். ஓட்டுநர் உரிமத்துக்கே அவனுக்கு வயதாகவில்லை.

கடைசியாக, புகார் வந்து கூப்பிட்டால் மட்டுமே பள்ளிப் படியேறும் வழக்கம். அப்படிப் போகும்போது தந்தை தலைகுனிந்து நிற்பதும், பையன் சுவரைப் பார்ப்பதும்தான் நடக்கும். யாரும் கூப்பிடாத ஒரு நாளில் போய், "எந்தப் பாடத்துல எந்த இடத்துல நிக்கிறான் சார்?" என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். பையனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேளுங்கள்.